மாற்றியமைத்த ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ட்யூனிங் சரி? இன்ஜின் கம்ப்யூட்டர் பற்றி ஓர் எளிய விளக்கம்

பெரிய இன்டேக், ஃப்ரீ-ஃப்ளோ எக்ஸாஸ்ட், அப்புறம் ஒரு டர்போ கிட். ஸ்போர்ட்ஸ் காரை மாற்றியமைக்கத் தொடங்குகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துசேர்வார்கள்: இன்ஜின் கம்ப்யூட்டரை என்ன செய்வது? கம்பெனி கம்ப்யூட்டரிலேயே புது மேப் ஏற்றிவிடலாம் என்பார் ஒருவர். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்தால் போதும் என்பார் இன்னொருவர். பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தனிக் கம்ப்யூட்டர் வையுங்கள் என்பார் மூன்றாமவர். மூன்றுமே நடைமுறையில் உள்ள வழிகள்தான். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்ய, எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்ற கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் செய்த மாற்றத்தை இப்போது இருக்கும் கம்ப்யூட்டரால் அளக்க முடிகிறதா, கட்டுப்படுத்த முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கம்ப்யூட்டர் செய்கிற வேலை

இன்ஜின் கம்ப்யூட்டரைச் சுருக்கமாக இசியூ என்பார்கள். கூலிங் ஃபேன், ஐடில் வேகம், வால்வ் டைமிங், டர்போ பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) என்று பல வேலைகளை அது பார்த்துக்கொள்கிறது. ஆனால் ட்யூனிங் என்று வரும்போது இரண்டு முடிவுகள்தான் உயிர்நாடி. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும்? ஸ்பார்க் பிளக்கில் எப்போது பொறி தட்ட வேண்டும்?

முதலில் பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. இந்த விகிதத்தை லாம்டா 1 என்று குறிப்பார்கள். பெட்ரோல் அதிகமானால் லாம்டா 1-க்குக் கீழே இறங்கும், அது ரிச். காற்று அதிகமானால் 1-க்கு மேலே ஏறும், அது லீன். சாதாரணமாக ஓட்டும்போது இசியூ லாம்டா 1-ஐ ஒட்டியே நிற்கும், ஏனென்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அங்கேதான் நன்றாக வேலை செய்யும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது வேண்டுமென்றே ரிச்சாகப் போகும். டர்போ இன்ஜினில் 0.8-க்கும் 0.88-க்கும் இடையில் வைப்பது வழக்கம். அந்தக் கூடுதல் பெட்ரோல் எரியும் வாயுவின் சூட்டைத் தணிக்கிறது. பிஸ்டனையும் டர்போவையும் காப்பாற்றுகிறது.

அடுத்தது தீப்பொறி. பொறி தட்டிய நொடியிலேயே எல்லாம் எரிந்துவிடுவதில்லை. பிளக்கிலிருந்து நெருப்பு பரவ நேரம் வேண்டும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் கோணத்தில் இத்தனை டிகிரி முன்னதாக என்று கணக்கிட்டுப் பொறியைத் தட்டுகிறார்கள். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு விநாடியில் 36,000 டிகிரி சுழல்கிறது. ஒரு டிகிரி என்பது ஒரு விநாடியில் 36,000-இல் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமான அளவில்தான் சக்தியும் சேதமும் பிரிகின்றன. பொறி தாமதமானால் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) குறையும், எக்ஸாஸ்ட் சூடாகும். ரொம்பவும் முந்தினால், நெருப்பு இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிக்கும். அதுதான் நாக். லேசாக எப்போதாவது வந்தால் இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். பூஸ்ட் ஏறிய இன்ஜினில் விடாமல் வந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

இந்த இரண்டு முடிவுகளையும் இசியூ பெரும்பாலும் அட்டவணையைப் பார்த்தே எடுக்கிறது. ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் லோடு, அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நிரம்புகிறது என்ற அளவு. 16 வரிசை, 16 பத்தி என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். இந்த அட்டவணைகளின் தொகுப்பைத்தான் மேப் என்கிறோம். ட்யூனிங் என்பது இந்த எண்களை, உங்கள் இன்ஜின் இப்போது இருக்கும் நிலைக்கு ஏற்பத் திருத்துவது. புதிய வண்டிகளில் இத்தகைய அட்டவணைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு.

ஒரு குழாயை மாற்றினால் என்ன நடக்கும்?

"இன்டேக் மட்டும்தானே மாற்றினேன், அதற்கு எதற்கு ட்யூனிங்?" என்று கேட்பவர்கள் நிறைய. கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பல வண்டிகளில் காற்றை அளப்பது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். இன்டேக் குழாய்க்குள் ஒரு சூடான கம்பியோ மெல்லிய தகடோ இருக்கும். அதைக் கடந்து போகும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து, மொத்தம் எவ்வளவு காற்று போகிறது என்று இசியூ கணக்கிடும். குழாயின் விட்டம் இவ்வளவு என்ற அனுமானம் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது 70 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு 80 மி.மீ. குழாயை மாட்டி, பழைய சென்சாரை அப்படியே அதில் பொருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் குறுக்குப் பரப்பு 30 சதவீதம் கூடிவிட்டது. அதே அளவு காற்று இப்போது மெதுவாகப் போகும். சென்சார் முன்பைவிட ஏறக்குறைய 23 சதவீதம் குறைவாகவே சொல்லும். இசியூவும் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்கும்.

மெதுவாக ஓட்டும்போது இது வெளியே தெரியாது. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் "லீன்" என்று சொல்ல, இசியூ பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டும். இதற்குக் க்ளோஸ்டு லூப் என்று பெயர். ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் பல வண்டிகள், குறிப்பாகப் பழையவை, அந்த சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு அட்டவணையை மட்டும் நம்பிப் போகும். திருத்தம் எதுவும் இல்லையென்றால், லாம்டா 0.85 இருக்க வேண்டிய இடத்தில் 1.11 இருக்கும். இன்ஜினுக்கு மிக அதிகப் பாதுகாப்பு தேவைப்படும் நேரத்தில் அது லீனாக ஓடுகிறது. போதாக்குறைக்கு, காற்று குறைவு என்று இசியூ நினைப்பதால் லோடும் குறைவு என்று எடுத்துக்கொண்டு பொறியை முன்தள்ளும். குறைந்த லோடு கட்டங்களில் டைமிங், அதாவது பொறியை முன்னதாகத் தட்டும் டிகிரி அளவு, பொதுவாக அதிகமாகவே எழுதப்பட்டிருக்கும். லீன் ஒரு பக்கம், அதிக டைமிங் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் நாக்.

சென்சார் பகுதியை ஒரிஜினல் விட்டத்திலேயே விட்டு வைக்கும் நல்ல இன்டேக்குகளும் உண்டு. அவற்றில் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்த உதாரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரிடம் போகும் தகவல் தப்பானால், பெட்ரோலும் டைமிங்கும் சேர்ந்தே தப்பும். கீழே வரும் ஒவ்வொரு வழியின் பலமும் பலவீனமும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

கம்பெனி இசியூவையே மாற்றி எழுதுவது

80-களிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த வண்டிகளில் மேப் ஒரு சிப்பில் இருந்தது. இசியூவைத் திறந்து, அந்தச் சிப்பை எடுத்துவிட்டு, வேறு எண்கள் எழுதிய சிப்பை வைப்பார்கள். "சிப் வைத்தல்" என்ற பேச்சு அப்போது வந்ததுதான். அந்தக் காலத்து நிசான் வண்டிகளுக்கு நிஸ்ட்யூன் என்ற சிறிய போர்டு இன்றும் கிடைக்கிறது. அதைக் கம்பெனி இசியூவுக்குள்ளேயே பொருத்தி, லேப்டாப்பை இணைத்து மேப்பை மாற்றலாம்.

பிறகு வந்த வண்டிகளில் சிப்பைத் தொட வேண்டிய தேவை போய்விட்டது. அமெரிக்காவில் 1996 மாடல் வண்டிகளிலிருந்து ஓபிடி-2 என்ற பொதுவான இணைப்பு கட்டாயமானது; மெல்ல உலகம் முழுக்கப் பரவியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த சாக்கெட்டில் கேபிளைச் சொருகி, இசியூவில் இருக்கும் மேப்பை எடுத்து, திருத்தி, மீண்டும் ஏற்றலாம். இதுதான் ரீஃப்ளாஷ். சுபாரு, நிசான் ஜிடி-ஆர், டொயோட்டா 86 போன்றவற்றுக்கு இசியூடெக், சுபாருவுக்குக் காப் ஆக்சஸ்போர்ட், ஹோண்டாவுக்கு ஹோண்டேட்டா, ஜிஎம் வண்டிகளுக்கு ஹெச்பி ட்யூனர்ஸ் என்று வண்டிக்கு ஏற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. சுபாருவுக்கு ரோம்ரெய்டர் என்ற இலவச மென்பொருளும் உண்டு.

என் பார்வையில், 2000-க்குப் பிறகு வந்த வண்டியை வைத்திருக்கும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். கம்பெனி இசியூவின் பின்னால் வருடக்கணக்கான சோதனை இருக்கிறது. கடுங்குளிரில் ஸ்டார்ட் ஆக வேண்டும், மலை உயரத்தில் ஓட வேண்டும், ஏசி போட்டதும் ஐடில் விழக்கூடாது, நாக் வந்தால் தானாகப் பொறியைப் பின்னிழுக்க வேண்டும். இவை அனைத்தும் ஏற்கெனவே சரியாக எழுதப்பட்டிருக்கின்றன. ரீஃப்ளாஷ் செய்யும்போது இவற்றைத் தொடாமல், மாற வேண்டிய பகுதிகளை மட்டும் மாற்றுகிறோம். நாம் பார்த்த இன்டேக் சிக்கலுக்கும் இங்கே நேரடித் தீர்வு இருக்கிறது: சென்சார் சொல்லும் இந்த வோல்டேஜுக்கு இவ்வளவு காற்று என்ற அட்டவணையையே புதுக் குழாய்க்கு ஏற்பத் திருத்திவிடலாம். இசியூவுக்கு உண்மை தெரிந்துவிடும். பெட்ரோலும் டைமிங்கும் சேர்ந்து ஒழுங்குக்கு வரும்.

2012-இல் வந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரட்டையர் நல்ல எடுத்துக்காட்டு. ஒரிஜினல் நிலையில் சுமார் 3500-இலிருந்து 4500 ஆர்பிஎம் வரை டார்க்கில் ஒரு பள்ளம் இருக்கும். எக்ஸாஸ்ட் ஹெடரை (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்த் தொகுதி) மாற்றி, அதற்கேற்ப மேப்பையும் மாற்றினால் அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பிவிடும். உச்ச சக்தியில் கிடைக்கும் லாபம் சிறிதுதான். டர்போ இல்லாத எந்த இன்ஜினிலும் வெறும் மேப்பை மாற்றிப் பெரிய லாபம் பார்க்க முடியாது. ஆனால் தினமும் ஓட்டும் வேகத்தில் வண்டி கால் சொல்வதைக் கேட்க ஆரம்பித்துவிடும், அது ஓட்டுபவருக்கு உடனே தெரியும். கம்பெனியிலிருந்தே டர்போவோடு வரும் வண்டிகளின் கதை வேறு. அங்கே பூஸ்டைக் கூட்ட முடியும் என்பதால் மேப் மாற்றத்துக்கே கணிசமான டார்க் கிடைக்கும்.

இந்த வழியின் எல்லை எங்கே? இசியூவில் ஏற்கெனவே இருக்கும் சென்சார்களும் அவற்றின் அளவு வரம்பும்தான் எல்லை. பூஸ்டை அளக்கும் சென்சார் 2.5 பார் மொத்த அழுத்தம் வரைதான் பார்க்கும் என்றால், அதைத் தாண்டியதும் இசியூவுக்குக் கண் தெரியாது. அந்த சென்சாரை மாற்றி மேப்பிலும் அதைச் சொல்லிவிட முடிகிற வண்டிகள் உண்டு, முடியாதவையும் உண்டு. புதிய வண்டிகளில் இன்னொரு சங்கடம், டார்க் அடிப்படையில் யோசிக்கும் இசியூ. ஆக்சிலரேட்டர் மிதி எவ்வளவு டார்க் கேட்கிறது என்று பார்த்து, கிடைக்கும் டார்க் அதைவிடக் கூடினால் இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலை அதுவே மூடிவிடும். பூஸ்டை மட்டும் ஏற்றிவிட்டு டார்க் வரம்புகளை மறந்த மேப்பில், முழுக்க மிதித்தும் வண்டி பின்னால் இழுப்பதுபோல் இருப்பது இதனால்தான்.

சில வண்டிகளில் இசியூவே பூட்டப்பட்டிருக்கும். 2020 மாடலாக வந்த செவர்லே கோர்வெட் சி8-இல் இசியூவை மறைகுறியாக்கிப் பூட்டியிருந்தார்கள். பழைய கோர்வெட்களைப்போல சாக்கெட்டில் கேபிள் சொருகி மேப்பை எழுத முடியவில்லை. வண்டி வாங்கும் முன்பே மாற்றங்களைத் திட்டமிடுபவர், அந்த மாடலின் இசியூ திறக்கப்பட்டுவிட்டதா என்று விசாரித்துவிடுவது நல்லது.

பிக்கிபேக்: இடையில் உட்காரும் பெட்டி

பிக்கிபேக் என்பது கம்பெனி இசியூவைத் தொடாமல், சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் வைக்கப்படும் ஒரு சிறு கம்ப்யூட்டர். சென்சார் சொல்வதைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இசியூவிடம் சொல்லும். தராசுத் தட்டின் அடியில் விரலை வைத்து எடையைக் குறைத்துக் காட்டுவது போன்ற வேலை. தராசு பழுதில்லை, அதற்குத் தெரிவதுதான் உண்மையில்லை.

இதில் எங்கே இடறுகிறது என்று எண்களோடு பார்ப்போம். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில், நிமிடத்துக்கு 440 சிசி தெளிப்பவற்றை எடுத்துவிட்டு 660 சிசி இன்ஜெக்டர்களை வைக்கிறீர்கள். ஒன்றரை மடங்கு பெட்ரோல் கொட்டும். அதை ஈடுகட்ட பிக்கிபேக் காற்றின் அளவை மூன்றில் இரண்டாகக் குறைத்துச் சொல்கிறது. இசியூ இன்ஜெக்டரைக் குறைந்த நேரம் திறக்கிறது. பெட்ரோல் கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் டைமிங்? உண்மையில் இன்ஜின் 100 சதவீத லோடில் இருக்கிறது. இசியூ 67 சதவீதம் என்று நம்புகிறது. 100-க்கான கட்டத்தில் 16 டிகிரி, 67-க்கான கட்டத்தில் 24 டிகிரி எழுதியிருந்தால், 24 டிகிரியில் பொறி தட்டும். முழு பூஸ்டில் எட்டு டிகிரி அதிகம். டைமிங்கையும் தனியாகப் பின்னிழுக்கத் தெரியாத பிக்கிபேக்காக இருந்தால், இன்ஜினின் ஆயுள் அதன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெட்ரோலை மட்டும் திருத்தும் பழைய பெட்டிகளை டர்போ இன்ஜினில் வைக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இப்போது வரும் பிக்கிபேக்குகள் எவ்வளவோ தேறிவிட்டன. பிஎம்டபிள்யூவின் என்54 இரட்டை டர்போ இன்ஜினுக்குப் பிரபலமான ஜேபி4 போன்றவை இசியூவின் தகவல்களையும் படித்துக்கொண்டே பூஸ்டை நிர்வகிக்கின்றன. பூஸ்ட் குறைவு என்று இசியூவை நம்ப வைத்து, அதைக் கொண்டே பூஸ்டை ஏற்றுவது அவற்றின் அடிப்படை உத்தி. இசியூ பூட்டியிருக்கும் வண்டிக்கு, கம்பெனி டர்போவையே வைத்துக்கொண்டு சிறிதளவு பூஸ்ட் மட்டும் ஏற்ற நினைப்பவருக்கு, இது நியாயமான தேர்வு. வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம். பெரிய இன்ஜெக்டர், பெரிய டர்போ என்று போனால் பிக்கிபேக்கை நம்பாதீர்கள்.

ஸ்டாண்ட்அலோன்: முழுக்கப் புதுக் கம்ப்யூட்டர்

கம்பெனி இசியூவின் இடத்தில் முற்றிலும் வேறு கம்ப்யூட்டரை வைப்பதுதான் ஸ்டாண்ட்அலோன். ஹால்டெக், லிங்க், மோடெக், மேக்ஸ்இசியூ, இசியூமாஸ்டர் ஆகியவை இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். கையால் செய்து கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு 2001 வாக்கில் தொடங்கிய மெகாஸ்குவர்ட்டும், ஆர்டுயினோ மெகா போர்டை அடிப்படையாகக் கொண்ட ஸ்பீட்யூனோவும் இருக்கின்றன. இன்ஜின் மேலாண்மை எப்படி நடக்கிறது என்று வேரிலிருந்து புரிந்துகொள்ள அவற்றைவிட நல்ல பள்ளி இல்லை.

இதில் இரண்டு வகை. கம்பெனி சாக்கெட்டிலேயே பொருந்தும் ப்ளக்-இன் ஒன்று. ஒயர்களின் தொகுப்பான ஒயரிங் ஹார்னெஸையே புதிதாகக் கட்ட வேண்டிய வகை இன்னொன்று. உங்கள் வண்டிக்கு ப்ளக்-இன் கிடைத்தால் அதையே எடுங்கள். ஸ்டாண்ட்அலோன் வண்டிகளில் வரும் மர்மமான கோளாறுகளில் பெரும்பங்கு மேப்பில் இருப்பதில்லை. சரியாகப் போடாத கிரவுண்ட், சிக்னல் ஒயரில் ஏறும் இரைச்சல், தளர்ந்த கனெக்டர் பின் ஆகியவற்றில்தான் இருக்கும்.

ஸ்டாண்ட்அலோன் எப்போது தேவைப்படும் என்பதற்கு 1989-இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5-ஐப் பாருங்கள். 1.6 லிட்டர் இன்ஜின். காற்றை அளக்க உள்ளே ஒரு தகடு கதவுபோல் திறந்து மூடும். அந்தக் கதவு முழுக்கத் திறந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு காற்று போனாலும் இசியூவுக்குத் தெரியாது. ஓபிடி-2 சாக்கெட்டும் கிடையாது. இதில் டர்போ வைப்பவருக்கு இசியூவால் அளக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. ஸ்டாண்ட்அலோன் வைத்தால் அந்தக் கதவையே கழற்றிவிட்டு, இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் கணக்கிடலாம். இந்த முறைக்கு ஸ்பீட்-டென்சிட்டி என்று பெயர். டர்போ வைத்த பழைய எம்எக்ஸ்-5-கள் பெருவாரியாக இந்த வழியில் போனது ஃபேஷனுக்காக இல்லை, வேறு வழி குறைவு என்பதால்.

கிடைக்கும் நன்மைகள் உண்மையிலேயே பெரியவை. எந்த சென்சாரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயில் பிரஷர் விழுந்தாலோ, பூஸ்டில் லாம்டா லீனானாலோ இன்ஜினை அந்த நொடியே நிறுத்தச் சொல்லி எழுதி வைக்கலாம். எனக்கு ஸ்டாண்ட்அலோனில் பிடித்ததே இந்தப் பாதுகாப்புதான். கியருக்கு ஏற்ற பூஸ்ட், நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோல் எல்லாம் அதற்குப் பிறகுதான். எத்தனாலும் பெட்ரோலும் கலந்த இ85 போடுபவர்களுக்கும் இது வசதி. இ85-க்கு லாம்டா 1 என்பது 9.8-க்கு 1 என்ற அளவில் வருவதால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் எரிபொருள் வேண்டும். குழாயில் ஒரு ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சார் வைத்தால், எத்தனால் இல்லாதபோது 50 ஹெர்ட்ஸ், முழுக்க எத்தனாலாக இருந்தால் 150 ஹெர்ட்ஸ் என்று அது அதிர்வெண்ணாகவே சொல்லிவிடும். டாங்கில் என்ன கலந்திருந்தாலும் மேப் தானாக மாறிக்கொள்ளும். சில கம்பெனி இசியூக்களிலும் இதைச் சேர்க்க முடியும்.

விலையாகக் கொடுப்பது என்ன? கம்பெனி செய்து வைத்த அந்தச் சோதனை அத்தனையையும் நீங்களும் உங்கள் ட்யூனரும் திரும்பச் செய்ய வேண்டும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆவது, சூடான இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆவது, ஃபேன் ஓடும்போது ஐடில் நிற்பது எல்லாமே தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியவை. இன்ஜெக்டர் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போன உடனே அது திறந்துவிடாது. சுமார் ஒரு மில்லிவிநாடி தாமதம் இருக்கும், பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் தாமதம் கூடும். முழு வேகத்தில் இது பெரிய விஷயமில்லை. ஐடிலில் இன்ஜெக்டர் திறப்பதே இரண்டு மில்லிவிநாடி அளவுக்குத்தான் என்னும்போது, இந்த எண் கொஞ்சம் பிசகினாலும் ஹெட்லைட் போட்டதும் வண்டி தடுமாறும். இன்ஜெக்டர் வாங்கும்போது இந்தத் தாமத அட்டவணையும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அது இல்லாத மலிவு இன்ஜெக்டரால் ட்யூனருக்கு வேலை இரட்டிப்பாகும்.

புதிய வண்டிகளில் ஸ்டாண்ட்அலோன் இன்னும் கடினம். டேஷ்போர்டு, ஏபிஎஸ், எலக்ட்ரிக் ஸ்டீயரிங், சாவி அடையாளம் எல்லாம் கேன் பஸ் என்ற ஒரே தகவல் பாதையில் இசியூவோடு பேசிக்கொண்டே இருக்கும். இசியூவை எடுத்துவிட்டால் அவை குழம்பும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினாக இருந்தால், 100 பாரைத் தாண்டும் அழுத்தத்தில் இயங்கும் இன்ஜெக்டர்களை ஓட்ட உயர் வோல்டேஜ் சர்க்யூட் வேண்டும். எல்லா ஸ்டாண்ட்அலோனிலும் அது இருக்காது. சிலர் கம்பெனி இசியூவையும் அப்படியே விட்டு, டேஷ்போர்டையும் ஏசியையும் அதனிடம் ஒப்படைத்து, பெட்ரோலையும் பொறியையும் மட்டும் ஸ்டாண்ட்அலோனுக்குக் கொடுப்பார்கள். சாலையிலும் ஓட வேண்டிய வண்டிக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

பெட்டியைவிட ட்யூனர் முக்கியம்

நல்ல ட்யூனர் கையில் சாதாரண இசியூ, அரைகுறை ட்யூனர் கையில் இருக்கும் விலை உயர்ந்த இசியூவைவிட நன்றாக ஓடும். அதனால் இசியூவை வாங்கிவிட்டு ட்யூனரைத் தேடாதீர்கள். முதலில் ட்யூனரைக் கண்டுபிடியுங்கள், அவருக்குப் பழகிய இசியூ எது என்று கேளுங்கள், அதை வாங்குங்கள்.

டைனோவில், அதாவது வண்டியை ரோலர் மேல் ஓட்டி அதன் சக்தியை அளக்கும் கருவியில், அவர் வேலை செய்வதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ரோலரின் சுமையைக் கட்டுப்படுத்தி, இன்ஜினை ஒரே ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கக்கூடிய டைனோவாக இருந்தால் ஒவ்வொரு கட்டமாகப் போகலாம். பெட்ரோல் அட்டவணையை முதலில் ஒழுங்குபடுத்துவார். முழு ஆக்சிலரேட்டருக்குப் போகும்போது குறைந்த பூஸ்ட், குறைந்த டைமிங்கில் தொடங்குவார். பிறகு ஒரு டிகிரியாக டைமிங்கைக் கூட்டுவார், டார்க் ஏறுகிறதா என்று பார்ப்பார். ஏறுவது நின்ற இடத்தில் அவரும் நிற்பார். அதற்கு மேல் ஒரு டிகிரி வைப்பதில் லாபமே இல்லை, ஆபத்து மட்டும்தான். பல டர்போ இன்ஜின்களில் அந்த இடம் வருவதற்கு முன்பே நாக் வந்துவிடும். அப்போது அங்கிருந்து ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்கி விடுவார். காதில் ஹெட்போன் மாட்டி, பிளாக்கில் பொருத்திய மைக் வழியாக நாக் ஒலியைக் கேட்டுக்கொண்டே ட்யூன் செய்பவர்களும் உண்டு. சிலிண்டர் விட்டம் 86 மி.மீ. உள்ள இன்ஜினில் நாக் ஒலி 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும். அழுத்தி உருவாக்கிய வலுவான ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்ட இன்ஜினில் குளிர்ந்த நிலையில் பிஸ்டன் தட்டும் சத்தத்தையே நாக் சென்சார் நாக் என்று எடுத்துக்கொள்ளும், அதைப் பிரித்தறிய ஆள் வேண்டும்.

அருகில் ட்யூனர் இல்லாதவர்கள் தொலைவிலிருந்தே செய்துகொள்வதும் இப்போது சகஜம். நீங்கள் ஓட்டி, சென்சார் அளவுகளின் பதிவான லாக் எடுத்து அனுப்புவீர்கள். அவர் திருத்திய மேப்பை அனுப்புவார். வழக்கமான இன்டேக், எக்ஸாஸ்ட் மாற்றங்கள் உள்ள ரீஃப்ளாஷ் வண்டிக்கு இது நன்றாகவே வேலை செய்யும். லாக் எடுக்கச் சாலையில் முழு ஆக்சிலரேட்டர் மிதிக்காதீர்கள். டிராக்கோ டைனோவோ தேடுங்கள். ஸ்டாண்ட்அலோன் வண்டியின் முதல் ட்யூனை இப்படிச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதனோடு வரும் பேஸ் மேப், இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்க மட்டும்தான்.

ட்யூனுக்குப் போகும் முன் வண்டி ஆரோக்கியமாக இருக்க வேண்டும். பூஸ்ட் கசிவு இருக்கிறதா, கம்ப்ரெஷன் எல்லாச் சிலிண்டரிலும் ஒத்திருக்கிறதா, பெட்ரோல் பம்ப் போதுமா என்று பாருங்கள். இன்ஜெக்டர் போதுமா என்பதை நீங்களே கணக்கிடலாம். 7500 ஆர்பிஎம்மில் கிராங்க் இரண்டு சுற்று முடிக்க 16 மில்லிவிநாடி. ஒரு இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் மொத்த நேரம் அவ்வளவுதான். லாகில் அது 13 மில்லிவிநாடிக்கு மேல் திறந்திருந்தால் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டீர்கள், பெரியது தேவை. இதோடு ஒரு வைட்பேண்ட் லாம்டா மீட்டரும் மாட்டிவிடுங்கள். பழைய வண்டிகளின் நாரோபேண்ட் சென்சார் ரிச்சா லீனா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

வாரன்டியும் சட்டமும்

மேப்பை ஒரிஜினலுக்கே திருப்பி எழுதினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல இசியூக்கள் வைத்திருக்கும். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் இதைத் தெரிந்தே இறங்குங்கள். பல நாடுகளில் பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றுவது சட்டவிரோதம். கலிபோர்னியாவில் 2021 ஜூலை முதல், புகைச் சோதனையின்போது இசியூவின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுக்காமலேயே நல்ல ட்யூன் செய்ய முடியும், அதைத் தொட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

அப்படியானால் எதை எடுப்பது?

இன்டேக், எக்ஸாஸ்ட், ஹெடர், கம்பெனி டர்போவில் கொஞ்சம் கூடுதல் பூஸ்ட் என்றால் ரீஃப்ளாஷ். இசியூ பூட்டியிருந்து மாற்றமும் சிறியதென்றால் நல்ல பிக்கிபேக். பழைய வண்டியில் புது டர்போ, வேறு இன்ஜினை மாற்றி வைத்தது, டிராக்குக்காக மட்டும் கட்டிய வண்டி என்றால் ஸ்டாண்ட்அலோன். நடுவில் நிற்பவர்கள், உதாரணமாகப் புதிய வண்டியில் பெரிய டர்போவும் பெரிய இன்ஜெக்டரும் வைப்பவர்கள், ரீஃப்ளாஷால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று அந்த மாடலைப் பழகிய ட்யூனரிடம் கேளுங்கள். பலர் நினைப்பதைவிட அது வெகுதூரம் போகும்.

வேலை முடிந்ததும் மூன்றை ட்யூனரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்: ஒரிஜினல் மேப்பின் பிரதி, இப்போது ஏற்றிய மேப், டைனோவில் கடைசியாக ஓட்டியபோது எடுத்த லாக். எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு ட்யூன் செய்தார் என்பதையும் எழுதி வாங்குங்கள், அதற்குக் குறைவாக ஊற்ற நேர்ந்தால் பூஸ்டுக்குப் போகாமல் ஓட்டுங்கள். பிறகு எப்போதாவது வண்டி வித்தியாசமாக ஓடினால், அதே கியரில் டிராக்கில் ஒரு லாக் எடுத்துப் பழைய லாகோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாம்டாவும் பூஸ்டும் நாக் திருத்தமும் எங்கே பிரிகின்றனவோ, கோளாறை அங்கிருந்து தேடலாம்.